சிறுநீர்க் கல்ச்சரில் ஒன்றுமில்லை, வலி மட்டும் போகவில்லை: உள்தசையைக் கையால் தளர்த்தும் பிசியோ யாராவது எடுத்திருக்கிறீர்களா?

#1 நீலாம்பல்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 34. இரண்டு வருடமாக அடிவயிற்றில் வலி. சிறுநீர்ப்பை லேசாக நிறைந்தாலே ஆரம்பித்துவிடும். போய்விட்டு வந்தால் பத்து நிமிடம் நிம்மதி, அப்புறம் மறுபடி முட்டும். பகலில் இருபது தடவைக்குக் குறையாது, இரவில் நான்கு. முதல் வருடம் முழுக்க 'இன்ஃபெக்‌ஷன்' என்றே ஓடியது. ஆறு முறை ஆன்டிபயாட்டிக். கல்ச்சர் எடுத்த ஒவ்வொரு தடவையும் கிருமி வளரவில்லை என்றுதான் வந்தது, இருந்தும் மாத்திரைச் சீட்டு கைக்கு வந்துவிடும். பிறகு ஒரு யூராலஜி டாக்டர் சிஸ்டோஸ்கோபி (சிறுநீர்ப்பைக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) செய்துவிட்டு, பைக்குள் புண் இல்லை, இதை 'பிளாடர் பெயின் சிண்ட்ரோம்' என்பார்கள் என்றார். இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைட்டிஸ் என்று தேடினால் வருவதும் இதுதான்.

போன வாரம்தான் அவர் புதிதாக ஒன்று செய்தார். உள்ளே ஒரு விரலை வைத்துப் பக்கவாட்டில் அழுத்தினார். நான் மேஜையிலிருந்து பாதி எழுந்தே விட்டேன். "இதுதானே உங்கள் வலி?" என்று கேட்டார். அதேதான், அச்சு அசலாக. இத்தனை நாள் பைவலி என்று நான் நினைத்திருந்தது அவர் தசையைத் தொட்டதும் வந்தது. இடுப்புத் தள பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

உண்மையிலேயே உள்ளே விரலை விட்டுத்தான் செய்வார்களா? வலிக்கிற இடத்தையே அழுத்தினால் எப்படிச் சரியாகும்? போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். இரண்டு வருடம் ஏமாந்ததில் நம்பிக்கை கொஞ்சம் வற்றிப் போயிருக்கிறது.

#2 தூங்காதவள்

எனக்கும் இதே கதைதான், ஆண்டுக்கணக்கு மட்டும் வேறு. என்னை ஒருவர்கூட அப்படி விரலால் பரிசோதித்ததில்லை. பதில் வருமா என்று பார்க்க உட்கார்ந்துவிட்டேன்.

#3 மழைமேகம்

நீலா, பயப்படாதே. நான் உன்னைவிட இருபது வயது பெரியவள், நீ என்றே சொல்கிறேன்.

எடுத்திருக்கிறேன். பதினான்கு முறை. முதல் மூன்று முறை வீட்டுக்கு வந்ததும் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு படுத்துவிடுவேன், அடுத்த நாள் வலி கூடுதலாகத்தான் இருந்தது. நிறுத்திவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஐந்தாவதோ ஆறாவதோ முடிந்து வீட்டுக்கு வரும் வழியில், பாதியில் எங்கேயும் இறங்கி கழிவறை தேடாமல் வந்து சேர்ந்திருக்கிறேன் என்பதே வீட்டு வாசலில் நின்றபோதுதான் உறைத்தது. அன்றைக்கு வாசலிலேயே நின்று அழுதேன்.

முழுக்கப் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. மன உளைச்சல் வந்தால் மறுபடி இறுகும். ஆனால் இப்போது இறுகுகிறது என்று எனக்கே தெரிகிறது. முன்பு அது தெரியாது.

#4 கருவேலம்

யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை. மசாஜ் செய்துகொண்டால் எந்த வலிக்குத்தான் கொஞ்சம் இதமாக இருக்காது? ஒருவர் ஒரு மணி நேரம் கவனமாகப் பார்த்துக்கொள்கிறார், பேச்சுக்குக் காது கொடுக்கிறார். அதுவே பாதி வலியைக் குறைக்கும். என் மனைவிக்கு இந்த நோய் ஏழு வருடமாக இருக்கிறது. எத்தனையோ 'அற்புத' சிகிச்சைகளைப் பார்த்தாயிற்று. இதற்கு ஒழுங்கான ஆய்வு ஏதாவது இருக்கிறதா?

#5 இழைத்தறி

பெண்கள் பிரிவில் பிசியோவாக இருக்கிறேன், பதினோரு வருடம் ஆகிறது. இங்கே யாருக்கும் வைத்தியம் சொல்ல முடியாது. அறைக்குள் என்ன நடக்கும் என்று சொல்லலாம். ஆய்வுக் கேள்வியை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்னால் பூப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை தூளி கட்டியது மாதிரி தசைகள் இருக்கின்றன. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அந்தத் தூளிதான். சிறுநீர் போக வேண்டுமென்றால் முதலில் இது தளர வேண்டும். பை எரியும்போது உடம்பு தன்னையறியாமல் இதை இறுக்கிக்கொள்ளும். கால் சுளுக்கினால் நொண்டி நடப்போமே, அது போல. மாதக்கணக்கில் இறுகியே கிடந்தால் தசைக்குள் கயிறு மாதிரி முறுக்கேறும். பிறகு அந்த முறுக்கே 'வருகிறது, வருகிறது' என்ற உணர்வைக் கிளப்பும். பையில் அரை டம்ளர்கூட இருக்காது, அவசரம் மட்டும் நிஜம். பை முதலில் கெட்டதா, தசை முதலில் இறுகியதா என்பதைப் பலரிடம் பிரித்துச் சொல்லவே முடியாது.

முதல் நாள் பெரும்பகுதி பேச்சுதான். அப்புறம் வெளியே பார்ப்போம்: அடிவயிறு, உள்தொடை, புட்டம். தோலை இரு விரலால் மடித்து உருட்டுவோம். நல்ல இடத்தில் தோல் இழுத்த பக்கம் வரும். பிரச்சினை உள்ள இடத்தில் அடியில் பசை போட்டு ஒட்டியது மாதிரி நகராது, கிள்ளியது போல எரியும். சிலருக்கு உள்தொடையை உருட்டும்போதே சிறுநீர் முட்டும். "ஐயோ, அங்கே தொட்டால் இங்கே ஏன் வருகிறது?" என்று ஆச்சரியப்படுவார்கள்.

உள்ளே ஒரே ஒரு விரல். கையுறை, ஜெல், அவ்வளவுதான், கருவி கிடையாது. கடிகார முகம் போல வைத்துக்கொள்வோம்: பூப்பெலும்புப் பக்கம் 12, மலத்துவாரப் பக்கம் 6. ஒவ்வொரு மணியாகப் போய் எங்கே வலி, அது எங்கே பாய்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்வோம். நடுவில் முழங்காலை என் இன்னொரு கைக்கு எதிராக வெளிப்பக்கம் தள்ளச் சொல்வேன். அப்போது விரலுக்கடியில் ஒரு தசை புடைத்து எழும். அது ஆப்டுரேட்டர் இன்டர்னஸ், தொடையைச் சுழற்றுகிற தசை. நீலாம்பல், உங்கள் டாக்டர் பக்கவாட்டில் தொட்டது பெரும்பாலும் இதுவாகவோ இதை ஒட்டிய லெவேட்டர் தசையாகவோ (அந்தத் தூளியின் முக்கியத் தசை) இருக்கும்.

வலிக்கிற இடத்தைப் போட்டுப் பிசைய மாட்டோம். பத்துக்கு நாலு அளவு வலி வரும்வரை அழுத்தி, அப்படியே நிறுத்திவிடுவோம். நீங்கள் மூச்சை வயிறு வரை இறக்க வேண்டும். மூச்சு உள்ளே போகும்போது இந்தத் தூளி இயல்பாகவே கீழே இறங்கும், அதோடு சேர்ந்து தசையும் இளகும். இளகுவது விரலுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். இளகவில்லையா, விட்டுவிட்டு அடுத்த இடம். மல்லுக்கட்டுவதில்லை.

எந்த நொடியும் "போதும்" என்று சொல்லலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. கூட ஒரு பெண் அறையில் இருக்கட்டும் என்று கேட்கலாம். சிறுநீரிலோ யோனியிலோ தொற்று இருக்கும்போது உள்ளே செய்ய மாட்டோம். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

#6 ஏட்டுச்சுவடி

கருவேலம் சார் கேட்டதற்கு. 2012இல் ஜர்னல் ஆஃப் யூராலஜியில் ஒரு ஆய்வு வந்தது. 11 மையங்கள், இந்த நோய் உள்ள 81 பெண்கள். குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு இழைத்தறி சொன்ன மாதிரி இடுப்புத் தசைகளுக்கும் அதைச் சுற்றிய திசுக்களுக்கும் கைச்சிகிச்சை. மற்றவர்களுக்கு உடம்புக்குச் சாதாரண மசாஜ். இரு பக்கமும் ஒரு மணி நேரம் வரை, 10 முறை. ஆகவே 'கவனிப்பே பாதி வைத்தியம்' என்ற உங்கள் சந்தேகத்துக்காகவே அமைத்த ஆய்வு என்றுகூடச் சொல்லலாம். முடிவில் 'நன்றாகக் குறைந்திருக்கிறது' என்றவர்கள் இடுப்புத் தசைக் குழுவில் 59 சதவீதம், மசாஜ் குழுவில் 26 சதவீதம்.

#7 கருவேலம்

தேடிப் படித்துவிட்டேன். நீங்கள் பாதியைத்தான் சொன்னீர்கள், சார்.

ஒன்று, அந்த 59க்கு 26 என்பது 'மொத்தத்தில் எப்படி இருக்கிறது' என்ற ஒற்றைக் கேள்விக்கு வந்த பதில். வலி, அவசரம், எத்தனை தடவை என்று தனித்தனியாக அளந்ததில் இரண்டு குழுவிலும் குறைந்திருக்கிறது, குழுக்களுக்கு நடுவே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை. இரண்டு, சேர்க்கப்பட்ட அத்தனை பேருக்கும் தசையைத் தொட்டால் வலி இருந்திருக்கிறது, நோய் வந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகாதவர்கள். ஏழு வருடக்காரிக்கு அதை எப்படி நீட்டுவது? மூன்று, பன்னிரண்டு வாரத்தில் கணக்கை முடித்துவிட்டார்கள்.

மசாஜ் குழுவிலும் நாலில் ஒருவர் நன்றாகியிருக்கிறார் என்பதையும் மறக்க வேண்டாம்.

#8 ஏட்டுச்சுவடி

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள், நான்தான் அவசரப்பட்டுவிட்டேன். மூன்றும் நியாயமான குறைகள். செய்கிறவருக்குத் தான் எதைச் செய்கிறோம் என்று தெரிந்தே இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் 'தசையில் வலி உள்ளவர்கள் மட்டும்' என்பதைக் குறையாகப் பார்க்க வேண்டுமா? அதுதானே வாசலே. தசையில் பிரச்சினை இல்லாதவருக்குத் தசை சிகிச்சை எதற்கு?

அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதலும் 2011 முதல் அதைத்தான் சொல்கிறது: இடுப்புத் தளம் தொட்டால் வலிப்பவர்களுக்கு, பயிற்சி பெற்றவர் கிடைத்தால், கைச்சிகிச்சையைத் தர முன்வர வேண்டும். கூடவே இன்னொரு வரி, இடுப்புத் தளத்தை வலுவாக்கும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும்.

#9 புளியங்கொட்டை

கடைசி வரியை யாராவது நான்கு வருடத்துக்கு முன்னால் எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா!

பிசியோ என்று போனேன். ஊர் பேர் எதுவும் வேண்டாம். உள்ளே பரிசோதனை கிடையாது, வெளியேகூடத் தொடவில்லை. ஒரு தாளைக் கொடுத்தார்கள். 'சிறுநீரை அடக்குவது போல இறுக்கவும், பத்து எண்ணவும், விடவும்.' ஒரு நாளைக்கு நூறு தடவை. நான் நல்ல பிள்ளையாக நூற்றியிருபது செய்தேன். மூன்றாவது வாரம் உட்கார முடியவில்லை. சிறுநீர் போக நின்று நின்று சொட்டுச் சொட்டாக வந்தது. திரும்பிப் போனால் "இன்னும் பலம் போதவில்லை, எண்ணிக்கையைக் கூட்டுங்கள்" என்றார்கள்.

பிறகு வேறொருவர் பார்த்துவிட்டு, "இந்தத் தசைக்கு விடத்தான் தெரியவில்லை, இறுக்கத் தெரியாமல் இல்லை" என்றார். அந்த இறுக்கத்தை அவிழ்க்க எட்டு மாதம் ஆனது.

#10 இழைத்தறி

புளியங்கொட்டை, மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. இதை அடிக்கடி பார்க்கிறேன்.

உங்களுக்குத் தாளில் கொடுத்த அந்த இறுக்கும் பயிற்சிக்குக் கீகல் பயிற்சி என்று பெயர். அது மோசமானது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆர்னால்ட் கீகல் 1948இல் அதை எழுதியது பிரசவத்துக்குப் பிறகு தளர்ந்து போன தசைக்கு, இருமினால் தும்மினால் சிறுநீர் கசிபவர்களுக்கு. அதற்கு இன்றைக்கும் அது நல்ல வைத்தியம். ஏற்கனவே பொத்திய முஷ்டியாக இருக்கும் தசையை இன்னும் பொத்தச் சொன்னால் என்ன ஆகும்? பிசியோவிடம் போகிறவர்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் தசை இறுகியிருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா, எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" தொட்டுப் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

#11 மட்டுறுத்துநர்

ஒரு கருவியை விற்கும் இணைப்போடு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தொடருங்கள்.

#12 சாம்பல்நாரை

மாற்றுக் கருத்துக்கு இடம் உண்டா? எனக்கு இது வேலை செய்யவில்லை.

பன்னிரண்டு முறை போனேன். அருமையான பிசியோ, கை பக்குவமானது, ஒரு குறையும் சொல்ல முடியாது. தசை நிஜமாகவே இளகியது, புட்ட வலி போனது, உட்கார முடிந்தது. ஆனால் பை நிறையும்போது வரும் கண்ணாடித் தூள் மாதிரியான எரிச்சல் மட்டும் ஒரு பிடி குறையவில்லை. அந்த அம்மாவேதான் கடைசியில் சொன்னார், "தசையில் நான் தேட இனி ஒன்றும் இல்லை, மறுபடி டாக்டரிடம் போய்ப் பையைப் பாருங்கள்" என்று. மயக்கம் கொடுத்து சிஸ்டோஸ்கோபி செய்தபோது ஹன்னர் புண் (பையின் உள்சுவரில் வரும் ஒரு வகைப் புண்) இரண்டு இருந்தது. முன்னால் பார்த்தபோது கண்ணில் படவில்லை. அதைச் சுட்டுவிட்டார்கள். இரண்டு வாரத்தில் வேறு ஆளாகிவிட்டேன்.

அந்தப் பிசியோவை நான் இன்னும் நன்றியோடுதான் நினைக்கிறேன். 'இன்னும் பத்து முறை வாருங்கள்' என்று இழுத்தடிக்காமல் அனுப்பினாரே.

#13 ஏட்டுச்சுவடி

முக்கியமான பதிவு. ஹன்னர் 1915இலேயே அந்தப் புண்ணைப் பற்றி எழுதியவர். சிறுபான்மைப் பேருக்குத்தான் இருக்கும், ஆனால் இருந்தால் வைத்தியமே வேறு: சுடுவது அல்லது புண்ணில் ஸ்டீராய்டு ஊசி. சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் தசை கிசை என்று உட்கார்ந்திருக்காமல் உடனே காட்டுங்கள்.

#14 அந்திமல்லி

பல நாள் யோசித்து எழுதுகிறேன். எனக்கு உள்பரிசோதனை என்றாலே உடம்பு கல்லாகிவிடும். காரணம் இருக்கிறது, இங்கே சொல்ல வேண்டாம். இந்தச் சிகிச்சை என் போன்றவர்களுக்குக் கிடையாதா?

#15 இழைத்தறி

உண்டு, அந்திமல்லி. உள்ளே தொட்டால்தான் சிகிச்சை என்று இல்லை. வயிறு, உள்தொடை, புட்டம், கீழ்முதுகு இவற்றில் மட்டும் மாதக்கணக்கில் வேலை செய்தவர்கள் என்னிடம் இருக்கிறார்கள். ஆப்டுரேட்டர் தசையை உட்காரும் எலும்புக்கு உள்பக்கமாக, உடைக்கு மேலேயே கொஞ்சம் எட்ட முடியும். மூச்சுப் பயிற்சிக்குத் தொடவே வேண்டாம். ஒருவர் முதல் நான்கு முறை நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு விடுவதோடு நிறுத்திக்கொண்டார். அதுவும் சிகிச்சைதான். பிசியோவிடம் "உள்ளே வேண்டாம்" என்ற இரண்டு சொல் போதும், கதை சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த இரண்டு சொல்லுக்கு முகம் சுளிப்பவர் உங்களுக்கான பிசியோ இல்லை.

#16 அந்திமல்லி

நன்றி அக்கா.

#17 நீலாம்பல்

முதல் முறை போய் வந்தேன்! எல்லோரும் சொன்னது கைகொடுத்தது.

என்னை அசத்தியது ஒரு சின்ன விஷயம். படுக்க வைத்து, "ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருங்கள்" என்றார். சும்மாதான் இருந்தேன். "இப்போது விடுங்கள்" என்றார். எதை விடுவது? "புட்டத்தை." அப்போதுதான் பார்க்கிறேன், இரண்டு புட்டத்தையும் இறுக்கி, பல்லைக் கடித்து, கால் விரலை மடக்கி வைத்திருக்கிறேன். அதுதான் என் 'சும்மா'! வீட்டிலும் கவனித்தேன். பாத்திரம் கழுவும்போது இறுக்கம், ஃபோன் பேசும்போது இறுக்கம், சிக்னலில் நிற்கும்போது இறுக்கம்.

உள்ளே இடது பக்கம் தொட்டதும் வலி தொப்புளுக்குக் கீழே பாய்ந்தது. அழுத்தியபடியே நிறுத்தினார். ஏழு எட்டு மூச்சுக்குப் பிறகு, உறைந்த நெய் கரண்டியில் இளகுவது மாதிரி ஏதோ நழுவியது. வலது பக்கம் ஒன்றும் அசையவில்லை. இரவு வலி கூடுதல்தான். மழைமேகம் அம்மா சொன்னதால் பயப்படவில்லை.

#18 மழைமேகம்

வெந்நீர்ப் பை இருக்கிறதா? போய்ப் படு.

#19 கருவேலம்

இழைத்தறி மேடம், ஒரு கேள்வி. மனைவிக்கு ஏழு வருடம் ஆகிவிட்டது. தாமதம் என்று ஏதாவது உண்டா?

#20 இழைத்தறி

காலம் அதிகமானால் நரம்பு மண்டலமே வலிக்குப் பழகிவிடும், சின்னத் தொடுதலும் பெரிய வலியாகத் தெரியும். அப்போது கை மட்டும் போதாது. டாக்டர் தரும் மருந்து, தூக்கம், சில நேரம் மனநல ஆலோசனை எல்லாம் சேர வேண்டும். நேரமும் கூடும். ஆனால் தசையில் வலி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு பரிசோதனை. அதை இதுவரை யாரும் செய்யவில்லை என்றால் அங்கிருந்து தொடங்கலாம். ஐந்தாறு முறைக்குள் எந்த அசைவும் இல்லையென்றால் நானே நிறுத்தி யோசிப்பேன்.

#21 கருவேலம்

அவளிடம் கேட்டேன். இதுவரை யாரும் செய்ததில்லையாம். ஏழு வருடத்தில்! சரி, நேரம் வாங்கியிருக்கிறோம். ஆய்வைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

#22 நீலாம்பல்

பத்தாவது முறை நேற்று முடிந்தது. நாட்குறிப்பைப் பார்த்து எழுதுகிறேன், நினைவை நம்பவில்லை. ஆரம்பத்தில் பகலில் 21, இரவில் 4. போன வாரச் சராசரி பகலில் 12, இரவில் 1, இரண்டு நாள் பூஜ்யம். வலி பத்துக்கு ஏழிலிருந்து மூன்று. நடுவில் ஏழாவது முறைக்குப் பிறகு ஒரு வாரம் பழையபடி மோசமானது, மாதவிடாய் நேரம் அது. வலது பக்கம் எட்டாவது முறையில்தான் இளகியது.

இப்போது வீட்டில் நானே செய்யக் கற்றுக் கொடுத்திருக்கிறார். மாதம் ஒருமுறை போனால் போதும் என்கிறார்.

#23 தூங்காதவள்

நீலா, எனக்கு அடுத்த வாரம் முதல் முறை. வீட்டில் நீங்களே எப்படிச் செய்கிறீர்கள்? எட்டுமா?

#24 நீலாம்பல்

ஆள்காட்டி விரலைவிடக் கட்டைவிரல்தான் வசதி. குளித்து முடித்து, தலையணையில் சாய்ந்து, முழங்கால் இரண்டும் சரிந்து கிடக்கும்படி. நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். பின்பக்கமும் பக்கவாட்டிலும் மட்டும், கடிகாரத்தில் 4, 5, அப்புறம் 7, 8. மேல்பக்கம் சிறுநீர்க் குழாய் இருக்கிறது, அங்கே அழுத்தவே கூடாது என்று மூன்று தடவை சொன்னார். மொத்தம் ஐந்து நிமிடம். ஆனால் முதல் முறை போவதற்கு முன்னால் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். எது வலிக்க வேண்டிய இடம், எது வலிக்கக் கூடாத இடம் என்று அவர் விரல் காட்டிக் கொடுத்த பிறகுதான் எனக்கே பிடிபட்டது.

போய் வந்ததும் எழுதுங்கள். வெந்நீர்ப் பையை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.